மழைக்கு எடுக்காத கருவாடு

கப்பலில் ஃபிட்டருக்கு உதவியாளாக எனக்கு முதல் வேலை கிடைத்தபோது, அந்தக் கப்பல் நார்வேயின் வடகோடியில் ஒரு துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். எட்டாவதோடு பள்ளியை விட்டவனுக்கு அதன்பின் எண்ணூர்ப் பக்கம் கிடைத்ததெல்லாம் கான்ட்ராக்ட் வேலைதான்; இன்று உண்டு, நாளை இல்லை. இந்தக் கப்பலை விட்டால் எனக்கு இன்னொரு கப்பல் கிடையாது. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியதிலிருந்து ஒரே நினைப்புதான்: நான் போய்ச் சேர்வதற்குள் அது கிளம்பிவிடும்.

உடன் வந்தவர் ராயபுரத்துக்காரர். அதே கப்பலில் சமையல்காரராகச் சேர வேண்டியவர், பல கப்பல் பார்த்தவர். நான் அவரை அண்ணாத்தே என்பேன். அவருக்கு நான் மாமு.

கடைசியாக ஏறிய குட்டி விமானம் எங்களை ஒரு சின்ன ஊரில் இறக்கிவிட்டது. மீதித் தூரம் கரையோரப் படகில். வெளியே காற்று பலமாக இருப்பதால் காலையில் வரவேண்டிய படகு மாலையில்தான் வரும் என்றார்கள். ஏப்ரல் மாதம், நம் ஊரில் தார் உருகும். அங்கே மலை முழுக்கப் பனி. நான் படகுத்துறைக் காத்திருப்பு அறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா மாமு, கோழி அடைகாக்குற மாதிரி குந்திகினு கீற? வா, ஊர சுத்திட்டு வரலாம்."

"படகு முன்னாடியே வந்துட்டா?"

"வந்தா சங்கு ஊதுவான். இத்தினிகூண்டு ஊரு, எங்க நின்னாலும் கேக்கும்."

"நீ போய்ட்டு வா அண்ணாத்தே."

"உன்ன வுட்டுட்டுப் போனா பயந்தே செத்துருவ. அப்பால பொணத்த வேற நான் தூக்கிகினு போவணும். எந்திரி."

எழுந்தேன். பையை மட்டும் விடவில்லை. ஒரு கடையில் காபியும் ஏலக்காய் மணக்கும் பன்னும் வாங்கிச் சாப்பிட்டோம். ஏலக்காய் மணம் அங்கே இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தெருவில் போகிறவர்களை அண்ணாத்தே நின்று பார்த்தார்.

"ஐஸ் ஃபேக்டரி உள்ள குட்த்தனம் பண்ற ஜனங்க மாமு இதுங்க. மூஞ்ச பாரு, இன்னா ஷோக்கா சிரிக்குது."

ஊர்க் கோடியை நெருங்கும்போது என் மூக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. கருவாடு. திரும்பினால், கடலைப் பார்த்த மேட்டில் வீட்டு உயரத்துக்கு மரக் கம்புகளால் பந்தல் கட்டி, தலை எடுத்த பெரிய பெரிய மீன்களை வாலோடு வால் சேர்த்து ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். உப்புகூடப் போடவில்லை. பந்தலுக்கு அடியில் போய் நின்றதும், நாலு நாளாக இறுகிக் கிடந்த என் தோள்கள் இறங்கின.

அப்போதுதான் கடல் பக்கமிருந்து மேகம் கறுத்து வந்தது. முதல் தூறல் என் மூக்கின் மேல் விழுந்தது.

நான் காத்திவாக்கத்துக்காரன். எங்கள் குப்பத்தில் மணலில் கருவாடு காயும்போது தூறல் விழுந்தால், யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து அள்ளிக் கூரைக்குள் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரியோடு குழாயடிச் சண்டையில் பேச்சை நிறுத்திய என் அம்மா, மழை வந்தால் முதலில் அள்ளுவது அவளுடைய கருவாட்டைத்தான். அள்ளி முடித்ததும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பையைக் கீழே போட்டேன். "அண்ணாத்தே, புடி."

அவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் கம்பின் மேல் ஏறி ஜோடி ஜோடியாகக் கழற்றி எறிய, அவர் பிடித்துப் பக்கத்துக் கொட்டகையின் தாழ்வாரத்தில் கொண்டுபோய்க் குவித்தார். நல்ல குவியலாகச் சேர்ந்த நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. ரப்பர் கால்சட்டை போட்ட ஒரு பெண்மணி இறங்கிக் கத்தினார். கம்பின் மேல் ஒருவன். கீழே இரண்டு கையிலும் மீனோடு ஒருவர். வேறு என்னவென்று நினைப்பார்? சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

போலீஸ் வந்தால் படகு போகும். படகு போனால் கப்பல் போகும். என் பெயர் ஒரு புகாரில் ஏறிவிட்டால் பிறகு எந்தக் கப்பலும் என்னை ஏற்றாது. இறங்கி வந்து வானத்தைக் காட்டினேன், மீனைக் காட்டினேன், கூரையைக் காட்டினேன். வாயில் தமிழ்கூட வரவில்லை. அண்ணாத்தே தன் சமையலறை இங்கிலீஷில் எங்கள் ஊர் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். அந்தம்மா போனைக் காதிலிருந்து இறக்கினார். மழைக்காகவா என்பதுபோல் வானத்தைக் காட்டித் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். அண்ணாத்தே தலையாட்டினார். அந்தம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"இன்னாவாம்?" என்றேன்.

"மய, பனி எல்லாத்துலயும் மாசக்கணக்கா இங்கியேதான் தொங்குமாம். நனைஞ்சா ஒண்ணும் ஆவாதாம். இத்தினி வருசத்துல இத்த காப்பாத்த வந்தவங்க நாமதானாம்."

சங்கு ஊதியது.

அண்ணாத்தே என் பையைத் தூக்கினார். எனக்குக் கால் வரவில்லை. குவியலை அப்படியே விட்டுவிட்டு ஓடினால் திருடன் ஓடின மாதிரி இருக்கும்; எல்லாவற்றையும் திரும்பத் தொங்கவிட்டுப் போனால் படகு இருக்காது. ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு மறுபடி கம்பில் கால் வைத்தேன். அந்தம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கிக் குவியலில் போட்டுவிட்டு, எங்கள் இருவரையும் வேனுக்குள் தள்ளினார்.

துறைக்குப் போகும் வழியெல்லாம் அந்தம்மா ஹாரனை விடவில்லை. படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவனிடம் இறங்குவதற்கு முன்பே ஏதோ கத்த, அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கைகூப்பி, மேட்டுப் பக்கம் காட்டினேன். அந்தம்மா சொன்னதைப் படகில் ஏறியபின் அண்ணாத்தே சொன்னார்: "வூட்டுக்காரரு சொம்மாதான் கீறாராம். அவரு திரும்ப தொங்கவுட்டுக்குவாராம்."

படகு திரும்பியபோது அந்த மேடு தெரிந்தது. மழை நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தது. மீனெல்லாம் நனைந்து தொங்கின, யாரும் ஓடிவரவில்லை. அதைப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது.

"கப்பல் போயிருக்குமா அண்ணாத்தே?"

"போனா போவட்டும். திரும்பி வந்து அந்தம்மாண்ட கருவாடு மாட்டலாம். உனக்கு ஏர்றதுக்கு நல்லா வருது."

ஊரை விட்டு வந்தபிறகு அன்றுதான் சிரித்தேன். பிறகு தூங்கியும் போனேன்.

காலையில் படகு துறைமுகத்தில் நுழையும்போது அவர் என்னை உலுக்கி எழுப்பினார். கப்பல் நின்றிருந்தது. சரக்கு அறைகள் திறந்தே கிடந்தன. தாது பாதிகூட ஏறியிருக்கவில்லை. நாங்கள் கப்பலடிக்குப் போனதும் மேலிருந்து ஒருவன் ஏணியை இறக்கினான். அண்ணாத்தே வழிவிட்டு ஒதுங்கி நிற்க, நான் முதலில் ஏறினேன்.