நாற்றங்கால் ஓரத்து வெள்ளை வேட்டி

சீவலப்பேரியில் கரோலின் டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. பகலில் பாளையங்கோட்டைப் பள்ளியில் உயிரியல் நடத்துவாள். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் வரப்பில் வெள்ளை வேட்டியைக் கட்டி, விளக்கைத் தொங்கவிட்டு, வந்து ஒட்டும் அந்துப்பூச்சிகளை எண்ணி நோட்டில் குறிப்பாள். பதினோரு வருடப் பழக்கம். ஒன்றைக்கூடக் கொல்ல மாட்டாள். எண்ணி முடித்ததும் வேட்டியை உதறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

வரப்பை ஒட்டி ஆவுடைத்தாயின் பிசானப் பருவ நெல் நாற்றங்கால். பூச்சிக்கெல்லாம் அட்டனன்ஸ் எடுத்தாச்சா என்று ஆவுடைத்தாய் தினமும் கேலி செய்வாள்.

அந்த ஐப்பசியில் மழை விட்டு, காற்றும் குளிரும் இல்லாத இரவுகள் வாய்த்தன. முதல் நாள் மஞ்சள் அந்து நாற்பது. மூன்றாம் நாள் இருநூறு. கரோலினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழாம் நாள் வேட்டியே மஞ்சளாகிவிட்டது.

குருத்துப்பூச்சி. முதல் நாளே லத்தீன் பெயரோடு எழுதியிருந்தாள். அதன் புழு நெற்பயிரின் குருத்தைத் தின்னும் என்பதும் தெரியும். உதறிய பூச்சி எங்கே போய் உட்காரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

டார்ச்சை நாற்றின் பக்கம் திருப்பினாள். இலை நுனிகளில் பழுப்பு நிறத்தில், பஞ்சு ஒட்டினதுபோல முட்டைக் குவியல்கள். வெளிச்சம் போன தூரம்வரை இருந்தன.

விடிந்தால் நடவு. எட்டுப் பெண்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஆவுடைத்தாய் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஆவுடைத்தாய் திட்டவில்லை. அதுதான் கரோலினுக்குப் பயமாக இருந்தது. நடவைத் தள்ளிப் போடச் சொல்லிப் பார்த்தாள்.

"தள்ளிப் போட்டா பத்து நாளைக்கு ஆள் கிடைக்காது டீச்சர். நாத்து முத்திப்போகும். வேற நாத்துக்கு நான் எங்கன போவேன்?"

பேசியபடியே இருவரும் நாற்றங்காலுக்கு வந்திருந்தார்கள்.

"நுனியைக் கிள்ளிட்டு நட்டா தப்பிச்சிரும்லா?"

"முட்டை பொரிக்காம இருந்தா தப்பிச்சிரும்க்கா."

"எத்தனை நாளா உதறுதிய?"

"ஏழு நாளா."

ஆவுடைத்தாய் சேற்றில் இறங்கி ஒரு நாற்றைப் பிடுங்கி நீட்டினாள். கரோலின் தண்டை நகத்தால் நெடுக்கக் கீறினாள். உள்ளே நூலிழை கனத்தில், கருந்தலையோடு ஒரு புழு நெளிந்தது.

ஆவுடைத்தாய் எட்டிப் பார்த்தாள். நாற்றங்காலின் அடுத்த மூலைக்கு நடந்தாள். அங்கிருந்து இன்னொன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"இதையும் பாருங்க."