நாய்க்குட்டிக்கு எதிராக ஒரு சாட்சி

பல்லக்கா எங்கே என்று கேட்டால் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால்தான் திருதிருவென்று விழிப்பார்கள். பல் செட் செய்வது அவள் தொழில். மருத்துவர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவாள். அது இறுகியதும் மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, ராவி மெருகேற்றுவாள். இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை, அதே நாற்காலி. அச்சில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். "இந்த வாய் யாரோடதும் இல்ல டாக்டர். ஒழுங்கா இன்னொரு தடவை எடுத்து அனுப்புங்க" என்று போனை வைத்துவிடுவாள். மூக்குக்கு மேல் கோபம். ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு செய்து கொடுத்தவள் தான் சிரிப்பதற்கு மட்டும் நாள் பார்ப்பாள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார்.

அவளுக்கு ஒரே தம்பி, ஏழு வயது இளையவன். அவன் வேலை பார்த்தது குட்டி வீடியோக்கள் ஓடும் ஓர் ஆப் செய்யும் கம்பெனியில். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எது எப்போது மின்ன வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. பல்லக்காவின் மகளுக்குப் பதினோரு வயது முடிந்தபோது அவன்தான் ஒரு போன் வாங்கி வந்து, அந்த ஆப்பையும் ஏற்றிக் கொடுத்தான். "எங்க மாமா செஞ்சது" என்று அவள் வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

அதில் ஒரு வீடியோ முடியுமுன் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். கூடவே ஒரு நாய்க்குட்டி இருக்கும். தினமும் உள்ளே போனால் அதன் கழுத்துப் பட்டையில் ஓர் எண் ஏறும். மாலை ஐந்து மணிக்குள் போகாவிட்டால் மழையில் நின்று அழும். ஒரு நாள் முழுக்கத் தவறிவிட்டால் எண் பூஜ்யமாகும், நாய்க்குட்டி போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பியே அந்தக் கதையைச் சொன்னான்.

"மொதல்ல அது தூங்குற மாதிரிதான் போட்டிருந்தோம்க்கா. அப்புறம் பாதிப் பிள்ளைங்களுக்குத் தூங்குற குட்டி, பாதிப் பிள்ளைங்களுக்கு மழையில அழுற குட்டின்னு ரெண்டு வாரம் விட்டுப் பார்த்தோம். அழுறதுதான் ஜெயிச்சுது. மறுவாரமே எல்லாருக்கும் மழை."

அவன் சிரித்தான். பல்லக்காவும் சிரித்தாள்.

மகளுக்குப் பதிமூன்று வயதானபோது ஒரு நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். குடல்வால் வீக்கம், உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அறுவை அறைக்குக் கூட்டிப்போகத் தள்ளுபடுக்கையோடு நர்ஸ் வந்தார். தோடு, வளையல், போன் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொள்ளச் சொன்னார். தோட்டையும் வளையலையும் கொடுத்த மகள் போனை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நானூத்திப் பன்னெண்டு நாள்மா. வலியில இன்னைக்கு இன்னும் உள்ள போகல. ரெண்டே நிமிஷம்."

"உள்ள டாக்டர் காத்திருக்கார்மா" என்றார் நர்ஸ்.

பல்லக்கா போனைப் பிடித்து இழுத்தாள். மகள் விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். வலியில் எழுந்து உட்கார முடியாமல் கிடந்த பிள்ளை தலையை மட்டும் தூக்கி அம்மாவின் கையைக் கடித்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை கிழிந்து ரத்தம் வந்தது. போன் தரையில் விழுந்தது. படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

தாழ்வாரத்தில் உட்கார்ந்து பல்லக்கா கையைப் பார்த்தாள். மேல் வரிசையில் இடது முன்பல் கொஞ்சம் திரும்பியிருந்தது தடத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஆயிரம் அச்சுகளுக்கு நடுவில் போட்டாலும் அவள் எடுத்துவிடுவாள். பால் பல் விழுந்து அந்தப் பல் முளைத்த வாரமே அது திரும்பி வருவதைக் கவனித்தவள் அவள்தான். கீழே கிடந்த போனை எடுத்துப் பார்த்தாள். 'இன்னிக்கு என்னை மறந்துட்டியா?' என்று கேட்டுக்கொண்டு நாய்க்குட்டி வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. தம்பியோடு சேர்ந்து தானும் சிரித்த அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

அங்கிருந்தே தம்பியைக் கூப்பிட்டாள். நடந்ததை முழுக்கச் சொன்னாள். அவன் பதறித்தான் போனான். டாக்டர் யார், எத்தனை மணி நேரம் ஆகும் என்றெல்லாம் கேட்டான். பிறகு சொன்னான்:

"அந்த எண்ணைப் பத்திக் கவலைப்படாதேக்கா. நான் ஆபீஸ்ல சொல்லி நானூத்திப் பன்னெண்டையும் அப்படியே திருப்பிப் போடச் சொல்றேன்."

"நான் உன்கிட்ட அதையா கேட்டேன்?"

"வேற என்ன செய்யச் சொல்றே? எவ்வளவு நேரம் பார்க்கணும்னு கட்டுப்பாடு வைக்கிறதுக்கு அதுலயே வழி இருக்கு. அதைப் பெத்தவங்கதானே பார்த்துக்கணும்?"

பல்லக்கா போனை வைத்துவிட்டாள். மயக்கம் தெளிந்த மகள் முதலில் கேட்டது, "நாய்க்குட்டி இருக்கா?" என்றுதான்.

நான்கு மாதம் கழித்து அரசாங்கம் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. பதினாறு வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தானாக ஓடும் வீடியோ கூடாது, நாள் கணக்கு கூடாது, பள்ளி நேரத்தில் அறிவிப்பு அனுப்பக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் விசாரணைக் குழு முன்னால் வரலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். பல்லக்கா பதிவு செய்துகொண்டாள். தம்பியோடு பேச்சு ஏற்கெனவே குறைந்திருந்ததால் அவனிடம் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. விசாரணை அன்று கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் கம்பெனி வரிசையில், வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

அவன் எழுந்து வந்தான். "இங்க என்னக்கா பண்றே?"

"நீ பண்றதைத்தான். பேச வந்திருக்கேன்."

முதலில் வக்கீல் பேசினார். வழவழவென்று, எண்ணெய் போட்ட மாதிரிப் பேச்சு. நாய்க்குட்டி குழந்தைகளிடம் அன்பையும் பொறுப்பையும் வளர்க்கிறதாம். யாரையும் பிடித்து வைக்கும் எண்ணம் கம்பெனிக்குக் கனவிலும் கிடையாதாம். தம்பி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பல்லக்காவின் முறை வந்தது. எழுதிக்கொண்டு போன தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னாள். கையைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள். அதோடு நிறுத்தவில்லை.

"எண்ணமே கிடையாதுன்னு அந்த ஐயா சொல்றார். ரெண்டு நாய்க்குட்டியை விட்டுப் பார்த்தாங்க. ஒண்ணு தூங்குற குட்டி, ஒண்ணு அழுற குட்டி. அழுற குட்டியைப் பார்த்தா பிள்ளைங்க அதிகமாத் திரும்பி வந்தாங்க. தெரிஞ்சுதான் அதை வச்சாங்க. செஞ்சவர் வாயாலயே கேட்டேன். அவர் என் தம்பி. அதோ உட்கார்ந்திருக்கார்."

வக்கீல் துள்ளி எழுந்தார். "தலைவர் அவர்களே, இதைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். அந்தச் சோதனையின் முடிவுகள் எங்கள் நிறுவனத்தின் ரகசியத் தகவல்."

குழுத் தலைவர் தடித்த கண்ணாடி போட்ட, வயதான பெண்மணி. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ரகசியம்னா, அப்படி ஒரு சோதனை நடந்திருக்கு. அப்படித்தானே?"

வக்கீல் உட்கார்ந்தார். கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தம்பி மட்டும் தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவள் அதுவரை அவனிடம் கண்டதில்லை.

மூன்றாம் நாள் அவள் பட்டறைக்கு வந்தான். ராவும் இயந்திரத்தை அவள் நிறுத்தவில்லை. அவனே சுவிட்சை அணைத்தான்.

"என்னை வேலையிலேர்ந்து நிறுத்தி வச்சிருக்காங்க. சந்தோஷமா? வீட்டுல சோறு தின்னுக்கிட்டே சொன்னதைச் சபையில போட்டு உடைச்சிட்டியே. கூடப் பொறந்தவ செய்யிற வேலையா இது?"

"என் பிள்ளையை வச்சு உன் ஆபீஸ்ல நீ விளையாடலாம். வீட்டுல பேசுனதை நான் வெளியில சொல்லக் கூடாதா?"

"உன் பிள்ளையை நினைச்சு அதைச் செய்யலக்கா."

"அதேதான். யார் பிள்ளையையும் நினைச்சுச் செய்யல."

அவன் திரும்பினான். மேஜையில் வரிசையாக இருந்த பிளாஸ்டர் வாய்களைப் பார்த்தான். "அன்னைக்கு நீயும்தானே சிரிச்சே? அதை ஏன் அங்க சொல்லல?"

பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. "ஆமா, சிரிச்சேன். சொல்லியிருக்கணும்" என்றாள். அவன் போய்விட்டான். அவனுக்கு வேலையும் போய்விட்டது.

அடி இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது. விசாரணையில் பேசியதைச் செய்தியில் போட்டுவிட்டார்கள். பெயர் இல்லாவிட்டாலும், கடித்த பெண் யாரென்று பள்ளியில் தெரிந்துபோனது. 'கடிநாய்' என்று பட்டம் வைத்தார்கள். மகள் பையை ஒரு மூலையில் எறிந்தாள்.

"என் கதையை ஊருக்கெல்லாம் சொன்னியே, சொல்லட்டுமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"மாமாவும் அப்படித்தான் சொல்வார்."

பதினோரு நாள் மகள் அவளோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பல்லக்கா அவளது அறை வாசலில் நின்று, "கேட்காம சொன்னது தப்புதான். சொன்னதே தப்புன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது" என்றாள். மன்னிப்பில் பாதிதான் அது. அவளுக்கு வந்தது அவ்வளவுதான். மகள் கதவைச் சாத்தவில்லை.

அடுத்த வருடம் விதி வந்தது, பல் பிடுங்கிய விதியாக. பிள்ளைகளுக்கு நாள் கணக்கும், பரிதாபம் காட்டி இழுக்கும் படங்களும் தடை. பள்ளி நேர அறிவிப்புகள் தடை. தானாக ஓடும் வீடியோவை மட்டும் ஆராய்ந்து முடிவெடுக்கிறோம் என்று ஒரு வருடம் தள்ளிப் போட்டார்கள். நாய்க்குட்டி ஒரே நாளில் மறைந்தது. அந்த இடத்தில் மூடிய கதவு ஒன்று வந்தது. 'உன் நண்பர்கள் ஆறு பேர் உள்ளே இருக்கிறார்கள்' என்றது. விதியில் கதவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பல்லக்கா அன்று பேசிய பேச்சை அச்சில் ஏற்ற முடியாது.

தானாக ஓடும் வீடியோ பற்றிய இரண்டாம் விசாரணைக்கு அவள் பதிவு செய்யப் போனபோது, பட்டியலில் அவளுக்கு முன்னாலேயே மகள் பெயர் இருந்தது. பதினைந்து வயது, தனி மனு. "நீ என்ன பேசப் போறே?" என்று கேட்டாள். "அங்க வந்து கேளு" என்று பதில் வந்தது.

மகள் தாள் எதுவும் இல்லாமல் பேசினாள்.

"நாங்க முட்டாள்கள்னு கம்பெனியும் நினைக்குது, நீங்களும் நினைக்கிறீங்க. அந்த நாய்க்குட்டி வெறும் படம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விட முடியல. விட முடியாத மாதிரிதான் அதைச் செஞ்சிருந்தாங்க. இப்போ கதவு. நாளைக்கு வேற ஏதாவது. ஒவ்வொரு படமாத் தடை போட்டா நீங்கதான் பின்னாடியே ஓடணும். எங்களை இழுக்குறதுக்காக எதைச் சோதிச்சுப் பார்த்தாலும், முடிவை முதல்ல உங்ககிட்ட காட்டணும்னு எழுதுங்க. தானா ஓடுறதை நிறுத்துங்க. வேணும்னா நாங்களே தொட்டுப் பார்த்துக்குவோம்."

பல்லக்காவின் முறை வந்தபோது அவள் எழுந்து, "எனக்கு முன்னாடி பேசின பொண்ணு சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தானாக ஓடும் வீடியோவுக்கு ஐந்து மாதத்தில் தடை வந்தது. மகள் கேட்டபடி சோதனை முடிவுகளைக் காட்டச் சொல்லும் விதியும் கூடவே வந்தது; அதற்கு எதிராகக் கம்பெனிகள் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கின்றன. அது இன்னும் நடக்கிறது. தம்பி இப்போது ஓர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் நிரப்பும் படிவங்களை வடிவமைக்கிறான். மருமகளோடு பேசுகிறான், அக்காவோடு பேசுவதில்லை. "மாமா உன்னைக் கேட்டார்" என்று மகள் ஒருமுறை சொன்னாள். "என்ன கேட்டான்?" என்றாள் பல்லக்கா. கை ஆறிடுச்சா என்று கேட்டாராம். ஆறி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று அவனிடம் சொல்லச் சொல்லிவிட்டு, பல்லக்கா அடுத்த அச்சைக் கையில் எடுத்தாள்.