கொட்டாங்குச்சித் தண்ணீரில் விழுந்த காடைக்குஞ்சு

எருமப்பட்டிக்கு அருகே எங்கள் சோளக்காட்டில் அறுப்பு நடந்தபோது, தாய்க்காடை விட்டுவிட்டுப் பறந்துபோன ஏழு முட்டைகளை என் கணவர் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். அடைக்கு உட்கார்ந்திருந்த எங்கள் கோழியின் அடியில் வைத்தோம். ஆறு பொரிந்தன. ஒவ்வொரு குஞ்சும் என் கட்டைவிரல் அளவுதான்.

கோழி வளர்த்துப் பழகிய கை என்பதால் நான் யாரையும் கேட்கவில்லை. கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் பஞ்சாரத்தின் இடுக்கு வழியே குஞ்சுகள் நழுவிவிடும் என்று சுற்றிலும் கோணிச்சாக்கு கட்டினேன். அதுவரை சரி. ஆனால் கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோலவே கொட்டாங்குச்சி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டேன். மதியம் பார்த்தால் ஒரு குஞ்சு அதற்குள் விழுந்து விறைத்துக் கிடந்தது.

“ஏனுங்க, ஒண்ணு போயிருச்சுங்க” என்றேன்.

கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் கையைக் கழுவிவிட்டு வந்து அதை வாங்கினார். துண்டால் ஒற்றி, உள்ளங்கைகளுக்குள் பொத்தி, வாயால் சூடாக ஊதினார். “முழிச்சுக்க சாமி” என்று அதனிடம் கெஞ்சினார். எங்கள் மூன்று பிள்ளைகளிடம்கூட அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சோறு ஆறிப்போனது. கடைசியில் அவர் விரலிடுக்கில் மெல்லிய கீச்சுக்குரல் கேட்டது. பஞ்சாரத்துக்குள் விட்டதும் கோழி இறக்கையைத் தூக்கி அதை அணைத்துக்கொண்டது.

இப்போதெல்லாம் ஆழமில்லாத மண்தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, அவற்றின் இடுக்கில் மட்டுமே தண்ணீர் ஊற்றுகிறேன். சந்தைக்குப் போனால் என் கணவர் எனக்குப் பூ வாங்க மறந்துவிடுவார். வரும் வழியில் நாலு கூழாங்கல் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வர மட்டும் மறப்பதில்லை.