ஞாயிற்றுக்கிழமைகளில் மிஞ்சிய நான்கு மாத்திரைகள்

ஜெயபாரதி அக்காவுக்கு இருபத்தாறு வயது. நல்லூரில் எங்கள் லைன் வீட்டில் மூன்றாவது வாசல் அவளுடையது. அடுத்த தெருவில் இருக்கும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறாள். கணவர் வேல்குமார் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். மூத்தவள் தேஜஸ்ரீக்கு ஒன்றரை வயது. இளையவன் தரணீதரனுக்கு நான்கு மாதம். இந்த இரண்டு வயதையும் கழித்துப் பார்த்தாலே அக்காவின் கதை பாதி புரிந்துவிடும்.

தேஜஸ்ரீ பிறந்த மூன்றாம் மாதமே அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். பகலில் குழந்தைக்குப் பவுடர் பால், ராத்திரியில் தாய்ப்பால். பால் கொடுக்கும்வரை வயிற்றில் தங்காது என்று கம்பெனியில் செக்கிங் பார்க்கும் மாரக்காள் சொன்னதை அக்கா அப்படியே நம்பினாள். ஐந்தாம் மாதம் தங்கிவிட்டது. இரண்டாவது பிரசவத்துக்கு முன் ரத்தம் மிகவும் குறைந்துபோய் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். மிஷினில் குனிந்தால் துணியின் ஓரம் இரண்டாகத் தெரியும் என்பாள்.

"இன்னொண்ணு இப்ப வந்துச்சுன்னா நான் எந்திரிக்க மாட்டேன் புள்ள," என்று ஒருநாள் குழாயடியில் என்னிடம் சொன்னாள். அழவில்லை, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அதனால்தான் பயமாக இருந்தது.

தரணீதரனுக்குப் பத்தாவது வாரத் தடுப்பூசி போட்ட புதன்கிழமை, சுகாதார நிலையத்தில் நர்ஸ் அனுப்பிரியாவிடம் அக்காவே வாய்விட்டுக் கேட்டாள். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கான கருத்தடை மாத்திரை ஓர் அட்டை கொடுத்தார். இருபத்தெட்டு மாத்திரைகள். தினமும் ஒன்று, அதுவும் ஒரே நேரத்தில். முதல் மாத்திரையை அக்கா அங்கேயே விழுங்கினாள்.

மறுநாள் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரே நேரம் என்றதற்கு அவள் பிடித்துக்கொண்டது கம்பெனியின் பதினோரு மணி டீ டைமை. பெல் அடித்துவிடும், மறக்க வழியில்லை. அட்டையை மிஷின் டேபிள் டிராயரில் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோகாததற்குக் காரணம் மாமியார் மருதம்மாள். வேல்குமார் கைக்குழந்தையாக இருந்தபோது மருதம்மாள் யாரோ கொடுத்த கருத்தடை மாத்திரையைச் சாப்பிட்டு, பத்தே நாளில் பால் வற்றிவிட்டதாம். வேல்குமாருக்கு எல்லாம் தெரியும். "எங்கம்மாகிட்ட பேச என்னால ஆகாது, நீயே பாத்துக்க," என்று ஒதுங்கிக்கொண்டார்.

நான்கு வாரம் கழித்து அடுத்த தடுப்பூசி. தேஜஸ்ரீயைத் தூக்கிக்கொள்ள நானும் போனேன். மருதம்மாள் குழந்தையோடு எடை பார்க்கும் வரிசையில் நின்ற நேரமாகப் பார்த்து, அக்கா நர்ஸின் மேசைக்குப் போய் அட்டையை எடுத்து வைத்தாள்.

"இன்னும் நாலு மிச்சம் இருக்குதுங்க சிஸ்டர். அடுத்த அட்டையும் இப்பவே குடுத்துருங்க, இன்னொரு நாள் லீவு கேட்க முடியாதுங்க."

நர்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "நேத்தே தீந்திருக்கணுமே. நாலு எப்படி மிஞ்சுச்சு?"

"ஞாயித்துக்கெழம கம்பெனி பூட்டியிருக்குமுங்களே. அட்டை டிராயர்ல இருக்குது."

"அப்ப ஞாயித்துக்கிழமை போடவே இல்லையா?"

"வாரத்துல ஆறு நாளும் தவறாமப் போட்டனுங்க. ஒரு நாளு உட்டா ஒண்ணும் ஆவாதுன்னு இருந்துட்டனுங்க."

"உடம்பு வார லீவு எடுக்காதுங்க ஜெயபாரதி. இந்த மாத்திரையில சில மணி நேரம் தள்ளிப்போனாலே பாதுகாப்பு குறைஞ்சிரும். நீங்க நாலு தடவை முழுசா ஒரு நாள் விட்டிருக்கீங்க."

அக்கா நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் உடனே சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு தெரிய ஐந்து நிமிடம். அதற்குள் மருதம்மாள் குழந்தையோடும் எடை குறித்த கார்டோடும் வந்து நின்றார். அட்டை மேசைமேலேயே கிடந்தது.

"இதென்ன மாத்தர?"

"எனக்குத்தானுங்க அத்தை," என்றாள் அக்கா. "குழந்த தங்காம இருக்க. ஒரு மாசமாப் போடறனுங்க."

மருதம்மாள் அவளைப் பார்க்கவில்லை, நர்ஸைத்தான் பார்த்தார். "பாலு குடுக்கறவளுக்கு இதக் குடுக்கலாமுங்களா? என்ற பையன் தொண்ட காஞ்சு கத்துனது எனக்குத்தானுங்க தெரியும்."

"நீங்க சொல்றது நெசந்தானுங்கம்மா," என்றார் நர்ஸ். "நீங்க போட்ட மாத்திரையில ரெண்டு ஹார்மோன் இருந்திருக்கும். அதுல ஒண்ணு சிலருக்குப் பாலைக் குறைச்சிரும். இதுல அந்த ஹார்மோன் இல்லீங்க. இது பாலைக் குறைக்காது, குழந்தைக்கும் ஒண்ணும் பண்ணாது. கையில இருக்கற கார்டைப் பாருங்க."

கார்டில் போன தடவை நான்கு கிலோ தொள்ளாயிரம் கிராம். இப்போது ஐந்து கிலோ எழுநூறு. மருதம்மாள் எண்ணைப் பார்த்தார், பிறகு பேரனின் தொடையைப் பிடித்துப் பார்த்தார். "ஏஞ் சாமி, உங்கம்மா மாத்தர திங்கறான்னு நீயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல," என்றார். நர்ஸ் சிரித்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஊட்ல வெச்சிருந்தா ஞாயித்துக்கெழமயும் போட்டிருப்பீல்ல அம்மிணி," என்றார் மருதம்மாள், இந்தத் தடவை அவளிடமே. அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

பரிசோதனையில் ஒரு கோடுதான் வந்தது. கர்ப்பம் இல்லை. ஆனால் கடைசியாகத் தவறிய நாட்களில் ஏதாவது ஆகியிருந்தால் அது இப்போது தெரியாது, மூன்று வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார் நர்ஸ். "இந்தத் தடவை பவுடர் பால் இல்லாம முழுக்கத் தாய்ப்பால்தான் குடுக்கறீங்க, மாதவிலக்கும் இன்னும் வரல. அதனால வாய்ப்பு கம்மிதான். புது அட்டையை இன்னிக்கே ஆரம்பிங்க. ரெண்டு நாளைக்கு ஆணுறையும் வேணும், வேல்குமார்கிட்ட சொல்லிருங்க."

அட்டை வீட்டுக்கு வந்தது. டீ டைமுக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் பால் குடிக்கக் குழந்தையைக் கம்பெனி கேட்டுக்குத் தூக்கிவருவது மருதம்மாள்தான். இப்போது மாத்திரையையும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, "லீவுன்னு படுத்துக்காத, எந்திரி," என்று அவர் தண்ணீர்ச் சொம்போடு நிற்கும் சத்தம் லைன் முழுக்கக் கேட்டது.

அந்த மூன்று வாரமும் அக்கா சரியாகத் தூங்கவில்லை. சோற்றுக் கஞ்சி வாடை குமட்டினால் பயம். எழுந்திருக்கும்போது தலை சுற்றினால் பயம். கம்பெனியில் டிராயருக்குள் அட்டை வைத்திருப்பது அவள் மட்டும் இல்லை என்று அப்போதுதான் என்னிடம் சொன்னாள். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு காரணமாம். அதனால்தான் அவளைக் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

மூன்று வாரம் முடிந்து எல்லோரும் மறுபடியும் போனோம். ஒரு கோடுதான். "நல்லாப் பாருங்க சிஸ்டர்," என்று அக்கா இரண்டு தடவை வெளிச்சத்தில் காட்டச் சொன்னாள். ஒன்றேதான். மூச்சை விட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியைப் பற்றிக் கேட்டாள்.

"தாராளமாப் போடலாம், பால் குடுக்கறவங்களுக்கும் ஆகும்," என்றார் நர்ஸ். "மாதவிலக்கு முன்னப்பின்ன வரும், வராமலும் போகலாம். அதுக்காகப் பயப்படாதீங்க. தேதிய மட்டும் மறக்கக் கூடாது."

"தேதி எங்கிட்டச் சொல்லுங்க கண்ணு," என்றார் மருதம்மாள்.

அக்கா ஊசி போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்புவதற்குள் அக்கா தூங்கிவிட்டாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. தரணீதரன் மருதம்மாள் மடியில், தேஜஸ்ரீ என் மடியில். எங்கள் ஸ்டாப் வந்தது. நான் அக்காவின் தோளைத் தொடப் போனேன்.

"எழுப்பாத கண்ணு," என்றார் மருதம்மாள். "பொம்பளைகளுக்கு ஃப்ரீ பஸ்தான. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துக்கலாம்."