தலையிடியும் தம்பியின் கலியாணமும்

பத்மாசினிக்குத் தலையிடி இருக்கிறது என்பது நீர்வேலியில் அவளுடைய ஒழுங்கையில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அது எப்படிப்பட்டது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. பதினாறு வயதில் தொடங்கியது, இப்போது நாற்பத்திரண்டு. முதலில் இடது கண்ணோரத்தில் ஒரு வெளிச்சக் கோடு வளைந்து வளைந்து மினுங்கும். அரை மணித்தியாலத்தில் அது மறைய, நெற்றியின் ஒரு பக்கத்தில் குத்து ஆரம்பிக்கும். சத்தி வரும், சாப்பிட்டதெல்லாம் வெளியே போய்விடும். கணவன் ஜெயரூபன் வாழைத்தோட்டத்தால் வந்து குசினியில் கோப்பை கழுவினாலும் அந்தச் சத்தம் அவளுடைய மண்டைக்குள் விழும்.

செய்யாத வைத்தியம் இல்லை. சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள். யாரோ சொன்னார்கள் என்று கீரிமலைக் கேணியில் முழுகிவிட்டு, நடு வெயிலில் பஸ்ஸுக்கு நின்று, இன்னொரு தலையிடியோடு வீடு வந்தாள்.

தை மாதம் தம்பி சயந்தன் வவுனியாவிலிருந்து போன் எடுத்தான். வைகாசியில் அவனுக்குக் கலியாணம்.

"அக்கா, மணவறையிலை பொம்பிளைக்குப் பக்கத்திலை தோழியா நீங்கள்தான் நிக்கவேணும். வேறை ஒருத்தரையும் நான் கேக்கமாட்டன்."

"ஓமடா தம்பி, நிக்கிறன்" என்றாள். அவளுக்கு எட்டு வயதாயிருந்தபோது பிறந்தவன். இடுப்பில் வைத்துத் திரிந்தவள் அவள். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. அடுத்த கிழமையே கிளினிக்கில் போய் வரிசையில் இருந்தாள்.

டொக்டர் இளம் பிள்ளை. "மாதத்திலை எத்தினை நாள் பனடோல் குளிசை போடுவீங்கள்?" என்று கேட்டாள்.

"இப்ப கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்."

"அதுவே தலையிடியைக் கூட்டும் அக்கா. இதுக்கு ஒரே காரணம் எண்டு இல்லை. பட்டினி, நித்திரைக் குறைவு, வெயில், மாதச் சுகயீனம், மணங்கள். உங்களுக்கு எது எண்டு நீங்கள்தான் எழுதிப் பிடிக்கவேணும்."

நாளாந்தம் போட ஒரு குளிசையும், கோடு மினுங்கத் தொடங்கியவுடன் போட இன்னொன்றும் கிடைத்தன. பத்மாசினி ஒரு கொப்பி வாங்கி ஒழுங்காக எழுதினாள். வெள்ளி விரதமிருந்து மத்தியானம் வரை பட்டினி கிடந்த நாள்களில் இடி வந்திருந்தது. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விரதத்தை விட்டாள். நேரத்துக்குச் சாப்பிட்டாள், நேரத்துக்குப் படுத்தாள், வெளியே போனால் குடை பிடித்தாள். மாதத்தில் ஆறு தரம் வந்தது இரண்டாகக் குறைந்தது. முதல் முறையாக அவளுக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் முகூர்த்த நாள் அவளுடைய மாதச் சுகயீனத்துக்கு இரண்டு நாள் முன்னால், இடி வழக்கமாக வருகிற நாளில், விழுந்திருந்தது. அதை ஐயரிடம் யார் போய்ச் சொல்வது?

கலியாணத்தன்று விடிய நாலு மணிக்கே எழும்ப வேண்டியிருந்தது. இரண்டு இட்டலி சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள். மண்டபத்தில் வீடியோக்காரரின் லைற், ஓமப்புகை, தலைக்குத் தலை மல்லிகை. வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றபோது எதிரே வந்த மனிசியின் முகத்தில் ஒரு பாதியைக் காணவில்லை. அந்த இடத்தில் கோடு மினுங்கியது.

குளிசையை உடனேயே போட்டாள். பத்து நிமிடத்தில் அது சத்தியோடு வெளியே வந்துவிட்டது. ஜெயரூபன் அவளை மண்டபத்தின் பின்னாலிருந்த சாமான் அறைக்குக் கூட்டிப்போய்ப் பாயில் கிடத்தினான். மணவறைக்குப் போக முன் சயந்தன் வேட்டியோடும் தலைப்பாகையோடும் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஒரு கால் மணித்தியாலம் பொறுத்துப் பாப்பமோ?"

"நேரம் போயிடும். சித்தப்பான்ரை மகள் பிரசாந்தியைக் கூப்பிடு, அவள் தோழியா நிக்கட்டும்."

"நீங்கள் இல்லாமல் என்னெண்டு அக்கா..."

"கதைக்காதை தம்பி. கதைச்சால் குத்துது. போ."

அவன் போனான். கொஞ்ச நேரத்தில் கெட்டிமேளம் முழங்கியது. அவள் இருபது வருடமாகக் கேட்க ஆசைப்பட்ட அந்தச் சத்தம் ஒவ்வொரு அடியாக அவளுடைய கண்ணுக்குப் பின்னால் இறங்கியது. அழுதாள், அழ அழ இடி கூடியது. ஜெயரூபன் தன் இரண்டு கைகளாலும் அவளுடைய காதுகளைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். அதற்கு மேல் செய்ய அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பொம்பிளை வீட்டுச் சனம் வேறு கதை கட்டியது: தமக்கைக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை, அதனால்தான் ஒளித்துக்கொண்டாள் என்று.

அடுத்த கிழமை கிளினிக்கில் டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். "நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை அக்கா. எல்லாம் சரியாச் செய்தாலும் சிலவேளை வரும்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

டொக்டர் குளிசையின் அளவைக் கூட்டி எழுதி, அடுத்த திகதியைப் போட்டுக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சயந்தன் புதுப் பெண்சாதி கோபிகாவோடு வீட்டுக்கு வந்தான். அவன் தோட்டத்துப் பக்கம் போன நேரம் கோபிகா மெல்லக் கேட்டாள்.

"மச்சாள், உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லையோ?"

பத்மாசினி பதறிப்போனாள். கோடு மினுங்குவதையும் சத்தியையும் இருபத்தாறு வருடத்தையும் தன்னால் முடிந்தவரை சொன்னாள். கோபிகா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தலையிடி வாறதுதானே மச்சாள். நான் ரெண்டு பனடோலைப் போட்டிட்டு வேலைக்குப் போயிடுவன்."

அவள் குரலில் குத்தல் இல்லை. அவளுக்குத் தெரிந்த தலையிடி அதுதான். தன்னுடையதைச் சொல்லப் பத்மாசினியிடம் இருந்ததும் தலையிடி என்ற அந்த ஒரே சொல்தான். "தேத்தண்ணி போடுறன், இரும் பிள்ளை" என்று எழுந்து குசினிக்குள் போனாள்.