நாற்பத்தொன்று முதல் நாற்பத்துநான்கு வரை

அப்பா வாரநாட்களில் மீன் தொழிற்சாலையிலும் சனிக்கிழமைகளில் நாங்கள் இருந்த டென்மார்க் நகரத்து ஐஸ் ஹொக்கி மண்டபத்திலும் வேலை செய்தார். ஆட்டத்துக்கு முன் இருக்கைகளைத் துடைக்க வேண்டும், முடிந்தபின் குப்பை கூட்ட வேண்டும். எட்டு வயதான என்னைத் தனியே விடமுடியாது என்பதால் நானும் போவேன். போனால் எண்ணுவேன்: வரிசைகள் பன்னிரண்டு, விளக்குகள் முப்பத்தாறு, எங்கள் அணியில் முன்பல் இல்லாதவர்கள் மூன்று பேர்.

தம்பி வயிற்றில் இருந்தபடியால் அம்மா யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். இருவரையும் கூப்பிட அப்பா போட்ட விண்ணப்பத்துக்கு ஒன்றரை வருடமாகப் பதில் இல்லை. அப்படிப்பட்ட விண்ணப்பங்களை நீதி அமைச்சரே வேண்டுமென்று கிடப்பில் போட்டுவைத்த விஷயம் தமிழர் வழக்கு என்ற பெயரில் பிறகுதான் வெளியே வந்தது. அப்போது அப்பா தன் கடதாசிகளில்தான் ஏதோ குறை என்று நம்பினார். முத்திரை குத்திய எது கிடைத்தாலும் பிரதி எடுத்துக் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பினார்: என் பள்ளிக்கூடக் கடிதம், தடுப்பூசி அட்டை, நூலக அட்டை.

அந்தக் குளிர்காலம் வேலையாட்களுக்கு மண்டபத்தில் இலவசமாக ஆட்டம் பார்க்கக் குடும்ப அட்டை கொடுத்தார்கள். அப்பா நான்கு பெயர்களையும் எழுதி முத்திரை வாங்கினார். இருக்கைகள் நாற்பத்தொன்று முதல் நாற்பத்துநான்கு வரை. அதன் பிரதியும் போனது.

எங்களோடு இருந்த சித்தப்பா சிரித்தார். “என்ன அண்ணை, அண்ணி வந்து கோல் அடிக்கப்போறாவோ?”

“நாலு பேருக்கும் இஞ்ச இடம் இருக்கெண்டு அவங்களுக்குத் தெரியட்டுமன்.”

நான் நாற்பத்தொன்றில், அப்பா பக்கத்தில். அடுத்ததில் அவருடைய ஜாக்கெட், கடைசியில் என் புத்தகப்பை. யாராவது கேட்டால் ஆள் இருக்கிறது என்று டேனிஷில் சொல்வார். பிறகு நித்திரையாகிவிடுவார்.

ஒரு சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. இரண்டாம் பகுதி ஆட்டத்தில் அப்பாவின் தலை நெஞ்சில் சாய்ந்திருந்தது. படியருகே ஒரு வயோதிபத் தம்பதி நின்றார்கள். அந்த அம்மாவின் கையில் ஊன்றுகோல். இருக்கைகள் நான்கு, ஆட்கள் இரண்டு என்று கணக்குப் போட்டேன். ஜாக்கெட்டையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு அவர்களை இருக்கச் சொன்னேன். எனக்கு ஓர் உப்பு லக்ரிஸ் இனிப்புக் கிடைத்தது.

எங்கள் அணி கோல் அடித்த சத்தத்தில் அப்பா விழித்தார்.

“ஆர் பிள்ளை இவையளை இருக்கச் சொன்னது?”

“நான்தான். அம்மா இண்டைக்கு வரமாட்டா தானே.”

அவர் ஏசவில்லை. ஊன்றுகோல் வைத்திருந்த அம்மா சிரித்தபோது தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தும் எழும்பிக் குப்பை கூட்டத் தும்புத்தடியை எடுக்கப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா என் பக்கத்தில் இருக்கவில்லை. நாற்பத்துநான்கில் போய் இருந்தார். நடுவில் இரண்டு இடமும் வெறுமையாகக் கிடந்தன. கண் சிவந்திருந்தும் கடைசி மணி அடிக்கும்வரை அவர் நித்திரை கொள்ளவில்லை.

“இஞ்சால வந்து இருங்கோவன், அப்பா.”

“இல்லைப் பிள்ளை, இது நல்ல இடம்.”

அவருக்கு என்னோடு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.