லைட் அடித்தால் உள்ளே திருப்பு

என் மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். ஒரு காலத்தில் இதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். இப்போது யாராவது கேட்டால் மழை, மிளகாய் விலை என்று பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது புத்தளத்துக்குக் கிட்ட, கனமூலையில். நான் மன்னாரில் பிறந்தவன். தொண்ணூறில் வடக்கிலிருந்த முஸ்லிம்களையெல்லாம் இயக்கம் வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. உடுத்த உடுப்போடு கற்பிட்டியில் வள்ளத்தால் இறங்கி, முகாமில் வளர்ந்து, இந்தப் பக்கத்திலேயே கல்யாணம் முடித்து நின்றுவிட்டேன். தொழில் மரக்கறி வியாபாரம். தோட்டங்களில் மிளகாயும் கத்தரியும் வாங்கிச் சின்ன லொறியில் ஏற்றித் தம்புள்ளைக்குக் கொண்டுபோவேன். வாரத்தில் மூன்று நாள், சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் மஃரிபுக்குத்தான் வீடு.

வீட்டில் மனைவியும் ஒரே மகளும். மனைவிக்குப் பிரஷர் இருந்தது. ஒருநாள் நான் இல்லாத நேரம் தலை சுற்றி விழுந்துவிட்டாள். ஆட்டோ தேடி மகள் சந்திக்கும் வீட்டுக்குமாக ஓடியிருக்கிறாள். எங்கள் பழைய வெள்ளைக் கார் முற்றத்தில் சும்மா நின்றது. அன்றைக்கே முடிவெடுத்தேன்.

மகளுக்கு அப்போது பதினேழு. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். "பதினெட்டு முடியாம லைசன்ஸ் தரமாட்டாங்களே" என்றாள் மனைவி. "நோய் பதினெட்டு வரைக்கும் பொறுத்து நிக்குமா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். மனைவியின் நானா வந்து, "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு ஸ்டேரிங்?" என்றார். "அப்ப உங்கட தங்கச்சியத் தூக்கிக்கிட்டு நீங்க ஓடுறீங்களா?" என்றேன். மனுசன் இரண்டு வாரம் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பந்தடிக்கும் வெளியில் பாடம் நடக்கும். மனைவியும் பின்சீட்டில் ஏறிக்கொள்வாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கிளச்சைப் படாரென்று விட்டுக் கார் துள்ளினால் நான் போடும் சத்தத்துக்கு வேலியில் நிற்கும் ஆடெல்லாம் திரும்பிப் பார்க்கும். "ஹோர்ன் அடிக்கத் தேவையில்ல மகள், வாப்பாட சத்தம் போதும்" என்று பின்னாலிருந்து மனைவி சொல்வாள். மகள் சிரிப்பை அடக்க மாட்டாமல் ஸ்டேரிங்கில் முகத்தை வைத்துக்கொள்வாள். அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

நல்ல பாடங்களும் சொல்லிக்கொடுத்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஏறுவதற்கு முன்னால் காரை ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் ஆடோ குழந்தையோ கிடக்கிறதா என்று குனிந்து பார். தண்ணி பார், ஒயில் பார். ஐம்பதுக்கு மேலே போகாதே. பஸ்காரனோடு போட்டிக்குப் போகாதே. உம்மாவிடம் கேட்காமல் ஆணியில் தொங்கும் கார்த் திறப்பைத் தொடாதே. "இது விளையாட்டுச் சாமான் இல்ல. நீ இதுல ஏறினா எங்க எல்லார்ட உசிரும் உன்ட கையில" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு மாதத்தில் என்னைவிடப் பதமாக ஓட்டினாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் வீதியில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் எங்கேயாவது பொலிஸ் நின்று மறிக்கிறது என்றால், எதிரே வருகிறவன் இரண்டு தரம் லைட் அடித்துக் காட்டுவான். சிங்களவனா, தமிழனா, முஸ்லிமா, லொறியா, பஸ்ஸா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த நாட்டில் எல்லாரும் ஒற்றுமையாகச் செய்யும் ஒரே காரியம் அதுதான் என்று நான் பகிடி விடுவேன். மதுரங்குளி தாண்டிப் புத்தளம் பக்கம் போகும்போது, களப்புப் பக்கமாக இடது கையில் பாதைகள் இறங்குகின்றன. அதில் ஒன்று இறால் பண்ணைகளுக்குள் சுற்றிப் பாலாவிக்குக் கிட்ட மறுபடி வீதியில் ஏறும். அந்தப் பாதையால் மகளை இரண்டு தரம் கூட்டிக்கொண்டு போனேன்.

"லைட் அடிச்சா உள்ளுக்குத் திருப்பு. இதால போய் அங்கால ஏறு" என்றேன்.

"பொலிஸ் மறிச்சா விசயத்தச் சொல்லலாம்தானே வாப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் சுறுக்கென்று ஏறிவிட்டது.

"லைசன்ஸ் இல்லாத பொம்புளப் புள்ள பொலிஸ்ல என்ன விசயத்தச் சொல்லப் போறா? ஸ்டேசன்ல உன்னக் குந்த வச்சிட்டு என்னக் கூப்பிடுவாங்க. ஊர் என்ன கதைக்கும்? எந்த நேரமெண்டாலும் சரி, காருக்குள்ள ஆர் இருந்தாலும் சரி, லைட் அடிச்சா திருப்பு. விளங்கிச்சா?"

"ஓம் வாப்பா" என்றாள்.

பின்சீட்டிலிருந்து மனைவி, "இதையும் ஒரு பாடமெண்டு படிச்சுக் குடுக்கணுமா?" என்றாள். நான், "நீ சும்மா இரி" என்றேன்.

எனக்குச் சீருடை என்றால் பயம். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு தடைமுகாமிலும் இறங்கி, எங்கே ஊர், ஏன் இங்கே வந்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வளர்ந்தவன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. என் பயத்தை என் பிள்ளைக்குப் பாடமாகக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் தம்புள்ளையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாளாம். கையிலிருந்த பாதி நழுவி விழுந்திருக்கிறது. எடுக்கப் பார்த்தாளாம், கை போகவில்லை. மகள் ஓடிவந்து பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் உதவியோடு உம்மாவை முன்சீட்டில் ஏற்றிப் பெல்ட் போட்டு, அந்தப் பதற்றத்திலும் காரை ஒரு சுற்றுச் சுற்றி அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினாள் என்று அந்தப் பெண் பிறகு சொன்னார்.

ஏறுவதற்கு முன்னால் வீட்டுப் போனிலிருந்து எனக்குக் கோல் எடுத்தாள். "வாப்பா, உம்மாக்கு ஏலாமப் போச்சு. நான் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்." "பயப்படாமப் போ மகள், நான் வாறேன்" என்றேன். பொலிஸைக் கண்டால் நிறுத்திச் சொல்லு என்று இன்னும் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? அது நினைவிலேயே வரவில்லை.

மதுரங்குளி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எதிரே வந்த லொறிக்காரன் லைட் அடித்தான். பின்னாலேயே ஒரு பஸ்காரனும் அடித்தான். என் மகள் இடது பக்கம் திருப்பினாள்.

அந்த வாரம் இறால் பண்ணைக்கு மண் ஏற்றிய டிப்பர்கள் பாதையை உழுது வைத்திருந்தன. முன்சில்லு மணலில் புதைந்துவிட்டது. புதைந்தால் அக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது என்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மிதிக்க மிதிக்கக் கார் மணலில் இன்னும் இறங்கிவிட்டது. அன்றைக்குப் பண்ணையிலும் வேலை இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஒருவரும் இல்லை, உம்மாவைத் தனியே விட்டுவிட்டு வீதிக்கு ஓடவும் அவளால் முடியவில்லை. கடைசியில் ஒரு சிங்களக் காவல்காரர் வந்து, தென்னைமட்டையை எல்லாம் சில்லுக்கு அடியில் போட்டுப் பார்த்தார். சரிவராமல் வீதிக்கு ஓடிப்போய்ப் பொலிஸைத்தான் கூட்டி வந்தார். அவர்கள் நின்றது அவள் திருப்பிய இடத்திலிருந்து ஒரே ஒரு வளைவு தள்ளி. இரண்டு பொலிஸ்காரர்கள் என் மனைவியைத் தூக்கி ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். ஒருவர் என் மகளை "துவ, துவ" என்று, தன் மகளைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுத் தைரியம் சொன்னாராம். ஜீப் சைரன் போட்டுக்கொண்டு கால் மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. மணலில் போனது ஒரு மணித்தியாலத்துக்கும் மேல்.

"கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா..." என்று தொடங்கிய டொக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மனைவி உயிரோடு வீட்டுக்கு வந்தாள், அல்ஹம்துலில்லாஹ். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. ஆனால் எல்லாம் விளங்கும். கண் நம்மோடுதான் இருக்கும்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், ஏன் பிந்தியது என்று. "புள்ள பதறிப்போய் எங்கயோ திருப்பிட்டா" என்றேன். மகள் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். முதல் ஆளுக்கு அப்படிச் சொன்ன பிறகு, அடுத்த ஆளுக்குச் சொல்வது லேசாகிவிட்டது. சின்னப் பிள்ளையை யாரும் குறை சொல்லமாட்டார்கள், உண்மையைச் சொன்னால் என்னைத்தான் சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் அப்படிப்பட்ட ஆள்.

மகள் அதற்குப் பிறகு திறப்பைத் தொடவில்லை. பதினெட்டு முடிந்தது, லைசன்ஸ் எடுப்போம் என்றேன், வேண்டாம் என்றாள். உம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போதெல்லாம், முதல் கரண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் மெதுவாக மன்னிப்புக் கேட்பாள்: "மாப்புச் செய்ங்க உம்மா." காலையிலும் சொல்வாள், பகலிலும் சொல்வாள். வெளியே கதிரையில் இருந்தபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எழும்பிப் போய், அது உன் பிழை இல்லை மகள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மாதக்கணக்காக வரவில்லை.

ஒருநாள் லொறியோடு வரும்போது அதே இடத்தில் பொலிஸ் மறித்தது. நின்றவர் அன்றைக்கு எங்களுக்கு உதவி செய்தவர்களில் ஒருவர் என்று பேச்சில் தெரிந்தது. நன்றி சொன்னேன், என் அரைகுறைச் சிங்களத்தில். அவர் மனைவியைப் பற்றி விசாரித்துவிட்டுச் சொன்னார்: "உங்கள் மகள் பாதை தெரியாமல் திரும்பிவிட்டேன் என்றாள். பாவம், இன்னும் ஒரு வளைவு வந்திருந்தால் நாங்கள் நின்றோம். அங்கிருந்தே சைரன் போட்டிருப்போம்."

பாதை தெரியாமலா? அந்தப் பாதையை இரண்டு தரம் நானே காட்டியிருக்கிறேனே. மிச்சத் தூரம் எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளை முற்றத்துக்குக் கூப்பிட்டேன். கார் அங்கேதான் நின்றது. "ஏன் மகள் பொலிஸுக்குப் பாதை தெரியாதெண்டு சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்கதான் திருப்பச் சொன்னதெண்டு சொன்னா உங்களப் பிடிப்பாங்களே வாப்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மகளுக்கு முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தரம். "என்ட பிழை மகள். எல்லாம் என்ட பிழை. ஊராக்களுக்கு உன்னச் சொல்லிட்டு நான் தப்பினேன். நீ ஒரு பிழையும் செய்யல்ல. இனி உம்மாக்கிட்ட மாப்புக் கேக்காத."

அவள் தலையைக் குனிந்துகொண்டு காரின் கதவுப் பிடியைத் தடவினாள். பிறகு சொன்னாள்:

"நான் மாப்புக் கேக்கிறது அதுக்கு இல்ல வாப்பா. லொறிக்காரன் லைட் அடிச்ச நேரம் உம்மா இடது கையால என்ட கையப் பிடிச்சா. வாய் வரல்ல. விரல நீட்டி நேரப் போகச் சொன்னா. ரெண்டு தரம் காட்டினா. நான் உம்மா சொன்னதக் கேக்கல்ல. நீங்க சொன்னதத்தான் கேட்டேன்."

உள்ளே போனேன். மனைவி கட்டிலில் சாய்ந்து யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். யன்னல் திறந்துதான் இருந்தது, நாங்கள் பேசியது கேட்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய இடது கையைப் பிடித்தேன். "மாப்புச் செய்" என்றேன். மகள் சொல்வது போலவே மெதுவாகத்தான் சொன்னேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். மாப்புத் தந்தாளா இல்லையா என்பதை அவள் வாயால் கேட்க எனக்கு இனி வழியில்லை.